ராசம்மா போட்ட பெரட்டு

போதகர் மணியை ஒரே ஒரு ஆட்டு ஆட்டினார். அவ்வளவுதான். அதுவரை பிள்ளைகளால் நிறைந்திருந்த முற்றம் கூட்டிப் பெருக்கியது போல் காலியாகிவிட்டது. தேயிலைச் செடிகளுக்குள் சலசலவென்று ஒரு சத்தம் கேட்டது. பிறகு அதுவும் இல்லை.

வெள்ளை அங்கியில் முழங்கால் வரை சேறு அப்பியிருக்க, பித்தளை மணியைத் தூக்கிப் பிடித்தபடி போதகர் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். எங்கள் இருவரையும் ஒருத்தி பார்த்தாள். முற்றத்தில் மிஞ்சி நின்றது அவள் மட்டும்தான். தலையில் கம்பளி, இடுப்பில் கொழுந்துக்காரிகள் கட்டும் சாக்குப் படங்கு, கையில் ஒரு குச்சி. வயது பத்தோ பதினொன்றோ இருக்கும். பெயர் ராசம்மா.

அந்தப் பார்வை இருக்கிறதே, தோட்டத்துத் துரைகூட யாரையும் அப்படிப் பார்த்திருக்க மாட்டார்.

நான் நடத்திவந்த பிள்ளைகள் ஊழியத்தை அன்றோடு விட்டுவிடுவது என்று முடிவு செய்துதான் போதகரை அங்கே அழைத்துப் போயிருந்தேன். விட்டேனா இல்லையா என்பதற்கு முன்னால் அந்த மணி எங்கிருந்து வந்தது என்று சொல்ல வேண்டும். கொஞ்சம் சுற்றி வளைத்துத்தான் சொல்வேன். பொகவந்தலாவை ரோட்டில் பஸ்ஸில் போயிருக்கிறவர்களுக்கு அது பழக்கமாக இருக்கும்.

பள்ளிக்கூடம் இல்லாத டீச்சர்

என் வீட்டுக்காரர் பொகவந்தலாவைக்கு மேலே ஒரு தோட்டத்தில் டீமேக்கர். ஃபாக்டரியில் தேயிலையை ருசி பார்த்துக் குறை சொல்வதற்கு அவருக்குச் சம்பளம் கொடுத்தார்கள். வீட்டில் என் தேயிலைத் தண்ணியைச் சம்பளம் வாங்காமலே குறை சொல்வார்.

நான் வட்டவளையில் பிறந்து வளர்ந்தவள். எந்தப் பள்ளிக்கூடத்திலும் டீச்சராக இருந்ததில்லை. ஆனால் ஞாயிற்றுக்கிழமைகளில் தொழிலாளர் குடியிருக்கும் லயத்துப் பிள்ளைகளைக் கூட்டி வைத்து வேதக் கதைகள் சொல்லத் தொடங்கியதும் எல்லோரும் என்னை டீச்சரம்மா என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டார்கள். சும்மா கிடைத்த பட்டம். வேண்டாம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

இடம், பிள்ளைக்காம்பரா. கொழுந்து எடுக்கப் போகும் தாய்மார் கைக்குழந்தைகளை விட்டுப் போகும் கட்டடம். ஞாயிற்றுக்கிழமை தொட்டில்கள் காலியாக இருக்கும். புளித்த பால் வாசமும் பினாயில் வாசமும் மட்டும் காலி செய்யாமல் அங்கேயே குடியிருக்கும்.

வந்த பிள்ளைகளில் முக்கால்வாசி மாரியம்மன் கோயில் பிள்ளைகள். "சாமி கதைதானே, போய்க் கேட்டுட்டு வா" என்று பெற்றவர்கள் அனுப்பிவிடுவார்கள். அந்த நேரத்தில் அவர்களுக்குப் பீலித் தண்ணீரில் துணி துவைக்கலாம், விறகு பொறுக்கலாம். எனக்கு அதில் வருத்தமே கிடையாது.

வந்தவர்களுக்கு ஆளுக்கொரு படக் கார்டு கொடுப்பேன். வெளிநாட்டில் யாரோ யாருக்கோ அனுப்பிய பழைய கிறிஸ்மஸ் கார்டுகளைச் சபைக்கு மூட்டையாக அனுப்பி வைப்பார்கள். எழுதிய பாதியை வெட்டிவிட்டுப் படத்தைக் கொடுத்துவிடுவேன். லயத்தில் அது பெரிய வியாபாரமாக நடந்தது. ஒரு ஒட்டகப் படம் வேண்டுமென்றால் பனிமனிதன் படங்களைக் கற்றையாகக் கொடுக்க வேண்டும். தேவதூதருக்கு அவ்வளவு மதிப்பில்லை.

ஒருநாள் ராசம்மா வீட்டுக்குப் போனபோது, ஆட்டுக்குட்டியைத் தோளில் சுமந்த இயேசு படம் முருகன் படத்துக்குப் பக்கத்தில் ஒட்டியிருந்தது. இரண்டு பேர் நெற்றியிலும் திருநீறு. ராசம்மாவின் அம்மா, "ஆடெல்லாம் மேய்க்கிறாரு, நல்ல சாமிங்க" என்றாள். இதை அட்டன் சபையில் ஒரு பெரியவரிடம் சொல்லிவைத்தேன். அவர் ஒரு மாதம் என்னோடு பேசவில்லை. எனக்கு அந்த ஒரு மாதமும் நிம்மதியாக இருந்தது.

அந்தத் துரை சரியில்லை

இந்த ராசம்மாவால் நான் பட்ட பாட்டையும் சொல்லிவிட வேண்டும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை திராட்சைத் தோட்டக்காரன் கதையைச் சொன்னேன். விடியற்காலையிலேயே வந்து வெயிலில் உழைத்தவனுக்கும், வேலை முடியப்போகும் நேரத்தில் வந்து சேர்ந்தவனுக்கும் ஒரே கூலி கொடுத்த எஜமானின் கதை. மற்ற ஊர்களில் இதைக் கேட்டுவிட்டுப் பிள்ளைகள் தலையாட்டிக் கொண்டு வீட்டுக்குப் போகும். நான் சொன்ன இடமோ தேயிலைத் தோட்டம்.

தோட்டத்து வழக்கம் தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. விடியுமுன் தப்பு அடிப்பார்கள். எல்லோரும் போய்ப் பெரட்டுக் களத்தில் நிற்க வேண்டும். அங்கேதான் ஆளை எண்ணி, யார் எந்த மலைக்கு வேலைக்குப் போவது என்று பிரித்துவிடுவார்கள். பிந்தி வந்தால் விரட்டிவிடுவார்கள், அன்றைக்கு வேலை கிடையாது. முழுநாள் வேலைக்குப் பேர் போடுவார்கள், அதாவது முழுக்கூலி. கொழுந்து குறைந்தால் அரைப்பேர். நடக்கப் பழகுமுன்பே இதெல்லாம் அந்தப் பிள்ளைகளுக்குத் தெரியும்.

கதை முடிந்ததும் ராசம்மா எழுந்து நின்றாள்.

"அந்திக்கு வந்தவனுக்கு யாருங்க டீச்சரம்மா முழுப்பேர் போடுவா?"

அது எஜமானுடைய தயவு என்று சொன்னேன்.

"அப்படின்னா மறுநா பெரட்டுக்கு யாருங்க வருவா? எல்லாரும் அந்திக்குத்தானே வருவாங்க?"

பின்வரிசையிலிருந்து ஒருவன், இதைச் சங்கத்துத் தலைவரிடம் சொல்ல வேண்டும் என்றான். இன்னொருவன் வேலைநிறுத்தம் வரைக்கும் போய்விட்டான். ராசம்மா எல்லோரையும் கையமர்த்திவிட்டுத் தீர்ப்புச் சொன்னாள்: "அந்தத் தொரை சரியில்லைங்க."

எல்லாப் பிள்ளைகளும் ஆமாம் போட்டார்கள். பரலோக ராஜ்யத்தைப் பற்றி நான் வைத்திருந்த விளக்கத்தையெல்லாம் மடித்து வைத்துவிட்டுப் படக் கார்டைக் கொடுக்கத் தொடங்கினேன். வீட்டில் போய்ச் சொன்னால் என் வீட்டுக்காரர் புரையேறும்வரை சிரித்தார். அப்படியொரு துரைக்குக் கீழே தன்னாலும் ஃபாக்டரி நடத்த முடியாது என்றார்.

பித்தளை மணி

அந்த வருஷத்து மழைக்காலத்தோடு படக் கார்டும் தீர்ந்துபோயிற்று. பிள்ளைகள் ஒவ்வொருவராகக் குறைந்தார்கள். அட்டனில் போதகரிடம் முறையிட்டேன். அவர் நல்ல மனுஷர். சரீரமும் பெரிது, சிரிப்பும் பெரிது. அலமாரியைத் திறந்து பழைய பித்தளைக் கைமணி ஒன்றை எடுத்துக் கொடுத்தார். இதை அடித்தால் மலை முழுவதும் கேட்கும், பிள்ளைகள் ஓடிவரும் என்றார்.

புளி போட்டுப் பளபளவென்று தேய்த்து எடுத்துக்கொண்டு போனேன். பிள்ளைக்காம்பரா வாசலில் நின்று அடித்தேன். என்ன அருமையான சத்தம்! எதிர் மலையில் பட்டுத் திரும்பி வந்தது. சத்தம்தான் திரும்பி வந்ததே ஒழியப் பிள்ளைகள் வரவில்லை. கணக்கப்பிள்ளை வீட்டுப் பிள்ளைகள் இரண்டும், ஓடத் தெரியாத சில பொடிசுகளும் உட்கார்ந்திருந்தன.

கேட்கவில்லை போலிருக்கிறது என்று அடுத்த வாரம் இன்னும் பலமாக அடித்தேன். இன்னும் குறைந்தது. அதற்கடுத்த வாரம் கை வலிக்க வலிக்க அடித்தேன். கணக்கப்பிள்ளை வீட்டில் ஒன்றுக்குக் காய்ச்சலாம்.

லயத்துப் பக்கம் போனால், ஓடிவந்து என் கையைப் பிடித்த பிள்ளைகளே அம்மாவின் சேலைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டன. அது என்னைச் சுட்டது. படத்துக்காகத்தான் வந்திருக்கிறார்கள், படம் தீர்ந்ததும் நானும் தீர்ந்தேன், சொன்ன கதையெல்லாம் மழையோடு போயிற்று என்று நினைத்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலித் தொட்டில்களுக்கு நடுவே உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன்.

அன்று சாயங்காலம் என் வீட்டுக்காரர் நான் போட்ட தேயிலைத் தண்ணியைக் குடித்துவிட்டு, நன்றாக இருக்கிறது என்றார். என் முகம் எவ்வளவு மோசமாக இருந்திருக்கும் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

என்னால் முடியாது, நிறுத்திவிடலாம் என்று போதகரிடம் சொல்லி அனுப்பினேன். அவர் வற்புறுத்தவில்லை. வருகிற ஞாயிற்றுக்கிழமை தானே வந்து, இருக்கிற பிள்ளைகளுக்கு ஒரு ஜெபம் செய்து முடித்து வைப்பதாகச் சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமைப் பெரட்டு

அந்த ஞாயிற்றுக்கிழமை மணியைத் திருப்பிக் கொடுப்பதற்காகப் பையில் போட்டுக்கொண்டு பஸ் நிற்கும் இடத்துக்குப் போனேன். பஸ்ஸைக் காணோம். வழியில் மண் சரிந்து கிடந்ததாம். பஸ்ஸில் வந்தவர்களே இறங்கி மண்ணை அள்ளிப் போட்டிருக்கிறார்கள். போதகரும் அங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு அள்ளியிருக்கிறார். அவர் வந்து இறங்கியபோது கதை நேரம் எப்போதோ தாண்டிவிட்டது. இனி அங்கே யார் இருக்கப் போகிறார்கள் என்று நினைத்துக்கொண்டே மலையேறினேன்.

பாதி தூரத்தில் ஒரு சத்தம் கேட்டது. டண்டணக்கு, டண்டணக்கு என்று யாரோ தகரத்தில் தட்டினார்கள். பெரட்டுக்குத் தப்பு அடிக்கிற அதே தாளம். "ஞாயித்துக்கெழமையும் வேலையாம்மா?" என்று மூச்சு வாங்கியபடி போதகர் கேட்டார். எனக்கும் ஒன்றும் புரியவில்லை.

வளைவைத் தாண்டியதும் நின்றுவிட்டோம். பிள்ளைக்காம்பரா முற்றத்தில் பிள்ளைகள் வரிசை கட்டி நின்றார்கள். நான் தொலைத்த பிள்ளைகள் எல்லோரும், நான் பார்த்தேயிராத சிலரும்கூட. நடுவில் கம்பளியும் குச்சியுமாக ராசம்மா கங்காணி. பக்கத்தில் அப்பாவின் கோட்டுக்குள் காணாமல் போன ஒரு பையன். அவன்தான் கங்காணிக்கும் மேலே அதிகாரம் பண்ணுகிற கண்டாக்கு ஐயா.

போதகரின் அங்கியைப் பிடித்து இழுத்து ஒரு சவுக்கு மரத்துக்குப் பின்னால் நிறுத்தினேன்.

ராசம்மா வேலை பிரித்துக்கொண்டிருந்தாள். நீங்கள் நாலு பேரும் ஆட்டு மலைக்குப் போங்கள், நீங்கள் மீன் மலைக்கு, பொடிசுகளெல்லாம் கப்பல் மலைக்கு. முற்றத்தின் ஒவ்வொரு மூலையும் ஒரு மலை. ஆட்டு மலை என்பது காணாமல் போன ஆட்டின் கதை. மீன் மலை என்பது ஒரு மனுஷனை மீன் விழுங்கின கதை. கப்பல் மலை என்பது பெருவெள்ளத்தில் மிருகங்களையெல்லாம் ஏற்றிய கப்பலின் கதை. எல்லாம் நான் சொன்ன கதைகள். போனவர்கள் உட்கார்ந்து கதையை ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்கள். பிறகு கொழுந்து நிறுக்க வருவது போல ஒவ்வொருவராக வந்து ராசம்மா முன்னால் ஒப்பித்தார்கள். முழுதாகச் சொன்னவனுக்கு முழுப்பேர். பாதியில் விழுங்கினவனுக்கு அரைப்பேர்.

மீன் மலைக்காரன் ஒருவன் கொழும்புத் துறைமுகம், இரண்டு சுறா, ஒரு போலீஸ்காரன் எல்லாவற்றையும் கதைக்குள் சேர்த்துவிட்டான். ஈரக் கொழுந்தை நிறுக்கும்போது தண்ணீருக்கென்று எடையில் கழிப்பார்கள். ராசம்மா அவனை மேலும் கீழும் பார்த்து, "இதுல தண்ணி கூட. கழிச்சுக்க" என்றாள். கண்டாக்கு ஐயா கோட்டுக்குள்ளிருந்து தலையாட்டினார்.

கண்ணீர் என் கண்ணை மறைத்தது. மழையோடு போயிற்று என்று நான் அழுத கதைகள் எல்லாம் அங்கே ஒன்றுவிடாமல் இருந்தன, ஒரு சுறாவோ இரண்டோ கூடவே இருந்தது. இவ்வளவு சந்தோஷத்தை நான் என் கல்யாணத்தன்றுகூட அனுபவித்ததில்லை. என் வீட்டுக்காரர் இதைப் படிக்க மாட்டார் என்ற தைரியத்தில் எழுதுகிறேன்.

போதகருக்கு உற்சாகம் தாங்கவில்லை. என் கையிலிருந்த பையைத் திறந்து மணியை எடுத்தார். மரத்துக்குப் பின்னாலிருந்து வெளியே வந்து ஒரே ஒரு ஆட்டு ஆட்டினார்.

அப்புறம் நடந்ததைத்தான் முதலிலேயே சொன்னேனே.

யார் மணி அடித்தது?

"யாருங்க மணி அடிச்சது?" என்று ராசம்மா கேட்டாள்.

நான்தானம்மா என்று போதகர் ஒப்புக்கொண்டார்.

"மணி அடிச்சா வெளக்கெண்ணெனு ஒங்களுக்குத் தெரியாதுங்களா?"

விஷயம் இதுதான். மாதம் ஒருமுறை ஆஸ்பத்திரியிலிருந்து ஆள் வந்து, அதே பிள்ளைக்காம்பரா வாசலில் நின்று மணி அடிப்பானாம். லயத்துப் பிள்ளைகளை வரிசையில் நிறுத்தி, மூக்கைப் பிடித்து ஆளுக்கொரு கரண்டி விளக்கெண்ணெய் ஊற்றுவானாம். அகப்பட்டவனுக்கு எண்ணெய், ஓடினவன் தப்பினான். ஃபாக்டரிப் பக்கம் குடியிருந்த எனக்கு அந்த மணி எப்போதாவது காதில் விழும். ரொட்டிக்காரன் போகிறான் என்று நினைத்துக்கொள்வேன்.

நானும் ஒரு மணியோடு அதே வாசலில் நின்றதும், டீச்சரம்மா இனிமேல் வாராவாரம் எண்ணெய் ஊற்றப் போகிறாராம் என்று லயம் முழுவதும் செய்தி பரவிவிட்டது. நான் பலமாக அடிக்க அடிக்க, அன்றைக்கு எண்ணெய் ஜாஸ்தி என்று தூரமாக ஓடியிருக்கிறார்கள். அந்த ஞாயிற்றுக்கிழமை மணிச் சத்தம் கேட்காததால் தைரியமாக எட்டிப் பார்த்திருக்கிறார்கள். நான் இல்லை. சும்மா நிற்பானேன் என்று ராசம்மா தகரத்தைத் தட்டிப் பெரட்டுப் போட்டுவிட்டாள்.

போதகர் படியில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். நானும் சிரித்தேன். நான் விட்ட கண்ணீரெல்லாம் ஒரு கரண்டி விளக்கெண்ணெய்க்கு!

ராசம்மா மட்டும் சிரிக்கவில்லை. அவளுக்கு வேலை கெட்டுவிட்டது. திரும்பவும் தகரத்தைத் தட்டினாள். தேயிலைக்கு மேலே தலைகள் ஒவ்வொன்றாக முளைத்தன. மணி போதகரின் அங்கிக்குள் போய்விட்டதை உறுதி செய்துகொண்டு எல்லோரும் வரிசைக்கு வந்தார்கள். நாங்களும் போய் வரிசையில் நின்றோம்.

"பிந்தி வந்தவங்க இந்தப் பக்கம்" என்று குச்சியால் காட்டினாள். தனியாகப் போய் நின்றோம். போதகர் மண் சரிந்த கதையை எடுத்தார். மண் சரிந்தால் கண்டாக்கு ஐயா கேட்பாரா என்று அவள் திருப்பிக் கேட்டாள். கோட்டுப் பையன், கேட்க மாட்டேன் என்று தலையை ஆட்டினான்.

"பிந்தி வந்தா வீட்டுக்குப் போகணுங்க டீச்சரம்மா. அதுதாங்க பெரட்டு."

போய்விடலாம் என்றுதானே நானும் வந்திருந்தேன்? இப்போது ஒரு சின்னப் பெண் போ என்று சொன்னதும் எனக்குப் போக மனம் வரவில்லை. விளையாட்டு என்று தெரியும். ஆனாலும் அது விளையாட்டாக இல்லை.

"இந்த ஒரு வாட்டி சேத்துக்குங்க, கங்காணி" என்றேன்.

ராசம்மா கண்டாக்கு ஐயாவைப் பார்த்தாள். அவர் கோட்டுக் கையை மடித்துக்கொண்டிருந்தார். குச்சியால் தரையைக் கீறினாள். கம்பளியை இழுத்து விட்டுக்கொண்டாள்.

"சரி. அந்தத் திராட்சத் தோட்டத்துத் தொரை மாதிரி செய்வோம். டீச்சரம்மாவுக்கு முழுப்பேர் போடு."

வரிசையில் ஒருவன் விடவில்லை. "அந்தத் தொரை சரியில்லைனு நீதானே சொன்ன?"

"நேரத்தோட வந்தவங்களுக்குச் சரியில்லைதான்" என்றாள் ராசம்மா. "பிந்தி வந்தவங்களுக்கு நல்ல தொரை."

அந்தக் கதைக்கு எத்தனையோ பிரசங்கம் கேட்டிருக்கிறேன். அன்றைக்குத்தான் எனக்கு அது விளங்கியது. பக்கத்தில் நின்ற போதகர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, அப்படியென்றால் தனக்கும் முழுப்பேர்தானே என்று கேட்டார்.

"ஒங்களுக்கு அரைப்பேர்" என்றாள். "நீங்க மணி அடிச்சீங்க."

சாயங்காலம் போதகரை பஸ் ஏற்றக் கூட்டிப் போனேன். மணி ஆடாமலிருக்க அதன் வாய்க்குள் கைக்குட்டையைத் திணித்திருந்தார். பஸ் வந்தது. மிதிபலகையில் கால் வைத்த பிறகுதான் திரும்பி, "என்னம்மா, முடிச்சு வைக்கிற ஜெபத்தை நான் பண்ணவே இல்லையே?" என்றார்.

"முழுப்பேர் போட்டுட்டாங்களே ஐயா. இனி வேலைக்குப் போகாம இருக்க முடியுங்களா?" என்றேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை தகரச் சத்தம் கேட்பதற்கு முன்பே போய் வரிசையில் நின்றுகொண்டேன்.